பெரியவளுக்கு

ஜனவரி 9

என் பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் விசாரிப்பு முடிவதற்குள் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் பதில் வந்து சேர்வதற்குள் கோபம் ஆறிப்போகும். அதனால் இனிமேல் கடிதம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். நீயும் சோம்பேறித்தனம் பார்க்காமல் எழுது.

இந்தப் பருவத்து ஊசியும் போட்டாகிவிட்டது. ஊரெல்லாம் இதை ஆயுள் ஊசி என்கிறார்கள். டாக்டரிடம் அப்படிச் சொன்னால் முகம் சுளிக்கிறார். "ஆயுளை நான் எங்கேருந்தும்மா கொண்டுவர்றது? தேய்மானத்தை நிறுத்தறேன், அவ்வளவுதான்" என்கிறார். எதுவோ ஒன்று. எழுபத்தாறு வயதில் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்காமல் பூட்டைத் திறக்கிறேன். முட்டிவலி சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. நரைத்த முடி அடியிலிருந்து கறுப்பாக வருகிறது. இன்னும் அறுபது வருஷம் தாராளமாக ஓடும் என்று டாக்டர் சொல்கிறார், ஏதோ பழைய காரைப் பற்றிச் சொல்வதுபோல. பல் மட்டும் முளைக்கவில்லை. நீ செய்து அனுப்பிய பல்செட் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. கழற்றி வைக்கவே மனம் வருவதில்லை.

டிராம் டிப்போவில் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வாழ்நாளெல்லாம் சரக்கு ரயில் ஓட்டிய கைக்கு டிராம் விளையாட்டுப் பொம்மை மாதிரி இருக்கிறது. பிரேக்கைத் தொட்டால் நின்றுவிடுகிறது, மரியாதை தெரிந்த வண்டி.

இன்னொரு விஷயம். எனக்கு மேல் வீட்டில் எங்கள் டிப்போவில் கண்டக்டராக இருந்த பெண் ஒருத்தி இருந்தாள் இல்லையா, போன மாதம் திடீரென்று மூளையில் இரத்தக் கசிவு. ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் போய்விட்டாள். அவளுக்கு ஆறு வயதில் ஒரு பெண். அப்பா என்று யாரும் இல்லை, சொந்தம் என்று தேடினாலும் யாரும் கிடைக்கவில்லை. இப்போதைக்கு என்னிடம் விட்டு வைத்திருக்கிறார்கள். நான் வாலு என்று கூப்பிடுகிறேன். சொந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, இதற்குத்தான் பார்க்கிறாள்.

முதலில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில்தான் உட்கார்ந்திருப்பாள். நானும் தட்டை எடுத்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தேன். முட்டி மடங்குகிறதே, அப்புறம் என்ன? இப்போது வெளியே வந்துவிட்டாள். காலையில் தலை பின்னிவிடுகிறேன். இடது பக்கம் இறுக்கம் என்பாள், அவிழ்த்து மறுபடி பின்னுவேன். வலது பக்கம் தொளதொள என்பாள், அதையும் அவிழ்ப்பேன். அவளைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன் என்று டிப்போவில் சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

இத்தனை வயதில் உனக்கு ஒரு தங்கை கிடைத்தாள் என்று நினைத்துக்கொள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா


ஜனவரி 27

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதல் வரியைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மீதியைச் சாயங்காலம்தான் படித்தேன். ஐம்பத்து நாலு வயது வரை நான் உனக்கு ஒரே பெண். ஒரு கடிதத்தில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பெரியவளாக்கிவிட்டாய்.

பல்செட் செய்கிற எங்கள் லேப்பில் வேலைக்குக் குறைவில்லை. உன்னைப்போல ஊசி போட்டுக்கொள்கிறவர்கள்தான் இப்போது அதிகம் வருகிறார்கள். முகம் திரும்புகிறது, பல் திரும்புவதில்லை. போன வாரம் ஒருவர் வந்தார். வயது எண்பத்து மூன்று என்றார், பார்த்தால் நாற்பதுதான் சொல்லலாம். கூடவே அவர் மகன், கைத்தடியோடு. பல் நிற அட்டையைக் கையில் கொடுத்தேன். அப்பா கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு வெள்ளையாக உதட்டில் வைத்துப் பார்த்தார். மகன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னிடம், "எனக்கும் நாலு பல்லு இல்லம்மா. அவருக்கு முடிஞ்சதும் பாருங்க, அவசரமில்ல" என்றார். அவர் சொன்ன விதத்தில் கையிலிருந்த மெழுகை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாழ்க்கை முழுக்க அப்படித்தான் காத்திருந்திருப்பார் என்று தோன்றியது.

நீ எனக்கு எத்தனை தடவை தலை பின்னிவிட்டிருக்கிறாய்? ஞாபகம் இருந்தால் எழுது. எனக்கு அப்பாதான் பின்னிவிடுவார். சைக்கிள் கடையைத் திறந்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வருவார். ஒன்று காதுக்கு மேலே நிற்கும், ஒன்று தோளில் கிடக்கும். பள்ளியில் என்னைச் சாய்ந்த தராசு என்பார்கள். நீ எங்கேயோ ஒரு பாலத்தின்மேல் நிலக்கரி ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருப்பாய். என் பெண்ணைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன் என்று நீ ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. சரக்கு ரயிலை நிறுத்தி வைக்க முடியுமா என்பாய். டிராமை நிறுத்தி வைக்க முடிகிறதே.

போன வருஷம் நீ வந்திருந்தபோது துணிக்கடையில் அந்தப் பையன் என்னைப் பார்த்து, "உங்க பொண்ணுக்கு இந்தக் கலர் நல்லா இருக்கும்மா" என்று உன் தோளில் புடவையைப் போட்டானே, நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்கு முந்தின மாதம்தான் என் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, இந்த உடம்பில் அந்த மருந்து நிற்காது, அப்பா வழி வந்த குறை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பரவாயில்லை, எனக்கு அவ்வளவு ஆசை இல்லை என்று உன்னிடம் சொன்னேன். ஆசை இல்லாமலா அவ்வளவு தூரம் போய்க் கையை நீட்டியிருப்பேன்?

நீ அந்தக் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு நான் ஒவ்வொரு பல்லாக மெழுகில் நட்டுச் செய்தது. அதையாவது அவளிடம் சொல்.

எனக்கு வயிறு எரிகிறது அம்மா. ஆறு வயதுக் குழந்தையைப் பார்த்து. உன் மாப்பிள்ளை உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "உனக்கு ஆறு வயசுலயே ஒரு தங்கச்சி பொறந்திருந்தா இதெல்லாம் அப்பவே முடிஞ்சிருக்கும்" என்கிறார். இரண்டு நாளாக அவரோடு பேசவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத வந்தேன். உனக்கு எதற்கு அது?

இப்படிக்கு,
உன் மகள்


பிப்ரவரி 15

என் கண்ணே,

மாப்பிள்ளையோடு பேசு. அவர் ஒரு பாவமும் அறியாதவர்.

எத்தனை தடவை என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம்தான். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், சொல்கிறமாதிரி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உனக்குப் பிடித்தமாதிரி ஏதாவது எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன், வரவில்லை. எனக்கு வண்டி ஓட்டுவது பிடித்திருந்தது. அந்த நீளத்தையும் கனத்தையும் ஒரு கையால் இழுத்துக்கொண்டு போவது பிடித்திருந்தது. அதற்காக நான் வருத்தப்பட்டால் அது நடிப்பு. உன் அப்பா உன்னை நன்றாக வளர்ப்பார் என்று தெரியும், வளர்த்தார். அப்போது எனக்கு ஒரு வாழ்க்கைதான் இருந்தது, அதில் இரண்டுக்கும் இடம் போதவில்லை. இப்போது இன்னொன்று கையில் கிடைத்திருக்கிறது. அதையும் தண்டவாளத்திலேயே கழித்துவிட வேண்டுமா, சொல்.

இனி எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. வாலுவைத் தத்தெடுத்துக்கொள்ள விண்ணப்பித்திருக்கிறேன். ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் தத்தெடுப்பதானால் அவர்கள் பெற்ற பிள்ளையின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது. குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஒருவர் உன்னைப் பார்க்க வருவார். ஒளிக்காமல் பேசு.

அவளை உன் இடத்தில் வைக்கவில்லை. உன் இடம் என்று ஒன்று இருந்து, அதில் நீ உட்கார முடியாமல் போனதுதான் உன் கோபம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

நேற்றிலிருந்து அவளுக்கு முதல் பல் ஆடுகிறது. உன்னிடம் அனுப்பலாமா என்று கேட்டேன். "அவங்க என் பல்லைப் புடுங்கிடுவாங்களா?" என்றாள். பல் வைப்பார்கள், பிடுங்க மாட்டார்கள் என்றேன்.

அம்மா


மார்ச் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நலத்துறை அதிகாரி வந்தார். நடுவயது, கையில் சொட்டச் சொட்ட நனைந்த குடை, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசி வரை கையிலேயே வைத்திருந்தார். லேப்பில் அடுப்பு ஓடிக்கொண்டிருந்தது, வெப்பம் தாங்கவில்லை. மாவில் எடுத்த பல் அச்சுகளை ஒதுக்கி ஒரு ஸ்டூல் போட்டேன். வரிசையாக வாயைத் திறந்துகொண்டிருந்த அச்சுகளைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பயம்.

என் சின்ன வயதைப் பற்றி விசாரித்தார். வீட்டில் யார் சமைப்பார்கள், காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று. எல்லாவற்றுக்கும் அப்பா என்றேன். நீ அடித்ததுண்டா என்றார், இல்லை என்றேன். அடிப்பதற்கு வீட்டில் இருக்க வேண்டுமே.

"அவங்க நல்ல அம்மாவா?" என்று கேட்டார்.

"நல்ல டிரைவர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குழந்தையை உன்னிடம் கொடுக்கலாமா என்று நேராகவே கேட்டார். கொடுக்க வேண்டாம் என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார்: வயதானவர்கள் தத்தெடுத்தால் பாதியில் இறந்துவிடுவார்களே என்றுதான் வழக்கமாகக் குடும்பத்தில் பயப்படுவார்களாம், உன் விஷயத்தில் அந்தப் பயம் தேவையில்லையாம்.

"எனக்கு அந்தப் பயம் இல்லைங்க. இருந்துக்கிட்டே இருப்பாங்களேன்னுதான் பயம்" என்றேன்.

அது அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. தலையை ஆட்டினார். எழுந்தவர் வாசலில் நின்று, "அம்மாகிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றார். நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

எழுதிவிட்டேன். ஒளிக்காமல் பேசச் சொன்னாய், பேசினேன். நீ அவளுக்கு நல்ல அம்மாவாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வேண்டாம் என்றேன். நீ யாருக்குமே நல்ல அம்மாவாக இருக்கத் தெரியாதவளாக இருந்தால் என்னால் தாங்கிக்கொள்ள முடியும். தெரிந்திருந்தும் எனக்கு இல்லாமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி நீ எழுத வேண்டாம் என்று நினைத்தாலும் சரிதான்.

உன் மகள்


ஏப்ரல் 2

மகளுக்கு,

சென்ற திங்கட்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். குழந்தைகள் இல்லம் ஊருக்கு வெளியே இருக்கிறது. வேறு குடும்பம் கிடைக்கும் வரை அங்கேதான். பார்க்கப் போகலாமா என்றேன், கொஞ்ச நாள் வேண்டாம், பழகட்டும் என்றார்கள். வாலு அழவில்லை. செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு, வந்தவர்களிடம், "நான் அங்க எவ்வளவு நேரம் இருக்கணும்?" என்று கேட்டாள்.

உன்மேல் கோபம் இல்லை. நீ சொன்னது எதுவும் பொய் இல்லை.

டிராமுக்குப் போகிறேன், வருகிறேன். இந்தப் பருவத்து ஊசிக்கு மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். போகவில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். விட்டுவிட்டால் வயது ஓடி வந்து பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் மிரட்டுகிறார். ஓடி வரட்டுமே, எனக்கு வரவேண்டியதுதானே. முட்டியில் லேசாக வலி தொடங்கியிருக்கிறது. பழகின வலி, ஒன்றும் செய்யாது. அறுபது வருஷத்தை வைத்துக்கொண்டு யாருக்காக உட்கார்ந்திருப்பது என்று தோன்றிவிட்டது.

வேறு விசேஷம் இல்லை.

அம்மா


ஏப்ரல் 20

அம்மா,

யாருக்காக என்று எழுதியிருக்கிறாய். நிஜமாகவே அந்த வரியை யோசித்துத்தான் எழுதினாயா? நான் ஒருத்தி இங்கே இருக்கிறேன் என்பது உனக்கு எழுதும்போதுகூட நினைவுக்கு வரவில்லையா? எனக்காக என்று ஏன் ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை?

உன் கடிதத்தைப் படித்ததும் வந்த கோபத்தில் வேலை ஓடவில்லை. ஒரு செட் முழுக்க மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசையில் நட்டு வைத்திருக்கிறேன். கூட வேலை செய்கிறவள் பார்த்துச் சொன்னாள். நான் ஜெயித்துவிட்டேன் அம்மா. ஆறு வயதுக் குழந்தையோடு போட்டி போட்டு ஜெயித்திருக்கிறேன். அவளுக்கும் நீ இல்லை, எனக்கும் நீ வரவில்லை. இப்போது உனக்கே நீ வேண்டாம் என்கிறாய். இதுதான் என் பரிசு.

எனக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. ஆறு மாதமாகக் காலையில் விரல்கள் மரத்துப்போகின்றன. வெந்நீரில் வைத்து எடுத்தால்தான் மெழுகுக் கத்தியைப் பிடிக்க முடிகிறது. கண்ணும் முன்னைப்போல் இல்லை. உன் மாப்பிள்ளைக்கும் இரத்த அழுத்தம். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு படி இறங்குகிற காலம் தூரத்தில் இல்லை. மற்றவர்கள் அந்த வயதில் தங்கள் அம்மாவின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு மட்டும் பலத்தோடு ஒரு அம்மா இருக்கப்போகிறாள் என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியில் சொன்னதில்லை. சின்ன வயதில் நீ வரவில்லை, சரி, நான் கிழவியாகும்போதாவது வருவாய், குளிப்பாட்டிவிடுவாய், அப்போது உனக்கு நேரம் இருக்கும் என்று. இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஊசிக்குப் போ. எனக்காகப் போ.

செவ்வாய்க்கிழமை அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு நானே போனேன். வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள், மதியம் வரை. உள்ளே கூப்பிட்டதும், சம்மதம் என்று சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். அவருக்கு ஆச்சரியம்.

"மனசு மாறிடுச்சா?" என்றார்.

"மாறலைங்க. இன்னும் அப்படியேதான் எரியுது. ஆனா சம்மதம்."

இப்படி ஒரு சம்மதத்தை அவர் கேட்டதில்லையாம். விசாரணையை மறுபடி எடுப்பதாகச் சொன்னார்.

ஏன் என்று நீயும் கேட்பாய். எழுதிவிடுகிறேன். எனக்கு அப்புறமும் நீ இருப்பாய். வாலு வளர்வாள், வேலைக்குப் போவாள், அவளுக்கும் ஒருநாள் விரல் மரத்துப்போகும். நீ அப்போதும் மாடி ஏறிக்கொண்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும், அன்றைக்கு உன் இடுப்பில் வேறு ஒரு குழந்தை இருக்கும். இவளிடம் செய்த தப்பெல்லாம் திருத்திக்கொண்டு, அதற்கு இன்னும் நல்ல அம்மாவாக இருப்பாய். அன்றைக்கு இவள் வயிறு எரியும். நான் இன்று எரிகிற மாதிரியே. என்னை முழுசாகப் புரிந்துகொள்ளப்போகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் அவள்தான். அவளை எப்படி நான் வேண்டாம் என்பது?

அன்று நான் இருக்க மாட்டேன். உனக்கு முன்னால் ஒருத்தி இப்படித்தான் எரிந்தாள் என்று அவளிடம் சொல்.

உன் மகள்


மே 14

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே ஊசிக்குப் போய்விட்டேன். டாக்டர் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி திட்டினார், தலையைக் குனிந்து நின்று வாங்கிக்கொண்டேன். முட்டிவலி இன்னும் போகவில்லை. இரண்டு மாதம் ஆகுமாம்.

வாலு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆடிக்கொண்டிருந்த பல் அங்கேயே விழுந்துவிட்டதாம், என்னிடம் காட்ட முடியாமல் போனதே என்று வந்ததும் ஒரு பாட்டம் அழுதாள்.

விரல் மரத்துப்போவதைப் பற்றி எனக்கு ஏன் முன்பே எழுதவில்லை? நல்ல டாக்டரைப் பார். மாப்பிள்ளை வேண்டாம் என்பார், கேட்காதே.

டிப்போவில் விடுமுறை கேட்டிருக்கிறேன். வருகிற ஒன்றாம் தேதி வண்டி ஏறுகிறேன். ஒரு மாதம் உன்னோடு இருப்பேன். தனியாகத்தான் வருகிறேன். வாலுவைக் கீழ் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் அவள் வயதில் குழந்தை இருக்கிறது. அவளையும் கூட்டிக்கொண்டு வரலாமே என்று நீ மரியாதைக்கு எழுதுவாய். எழுதாதே. நான் கூட்டி வரமாட்டேன்.

இவள் வயிறு எரிவதற்கு நீ ஐம்பது வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. உன்னிடம் போகிறேன் என்று சொன்னதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. பெட்டியில் நான் துணியை வைத்தால் அவள் எடுத்து வெளியே போடுகிறாள். நேற்று உன் போட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "இவங்களுக்குத்தான் முடியெல்லாம் வெளுத்துப்போச்சே. இவங்களுக்கு இன்னும் எதுக்கு அம்மா?" என்றாள்.

"இப்பத்தான் கேக்கறா" என்றேன்.

அம்மா